நஞ்சுக்கொடியையும் எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை உங்கள் மகளிர் இணைப்பில், வயிற்றில் இருக்கும் குழந்தை எடை கூட என்னென்ன சாப்பிட வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. பாலில் ஊறின பேரீச்சம்பழம், முளைகட்டின பயறு, அத்திப்பழம், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஒன்றும் தப்பில்லை. ஆனால் தாய் நன்றாகச் சாப்பிட்டாலே குழந்தை தானாக எடை போட்டுவிடும் என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வயிற்றை அளக்கும் டேப்பைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் 34 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். அதில் 19 வருஷம் லேபர் வார்டு. நீங்கள் போட்ட அந்த வரியை நானே எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியாகச் சொன்னது என் மருமகளிடம்.

அவளுக்கு அது தலைப்பிரசவம். வயது 26. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கலந்த சாதம் ஐந்து வகை கட்டி, தேனிப் பக்கம் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். போகும்போதெல்லாம் அவள் எடையைப் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், குழந்தையின் துடிப்பை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவிட்டார்கள். அதைக் கேட்டு வீடே சந்தோஷப்பட்டது. வயிற்றில் டேப் வைத்து மட்டும் யாரும் அளக்கவில்லை. 30ஆவது வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை சுமார் 1,050 கிராம் என்று வந்தது. அந்த வாரத்தில் ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

உடனே போன் போட்டேன். "சாப்பிடாம இருந்தா பிள்ளை எப்படிம்மா வளரும்?" என்றேன்.

"சாப்பிடத்தான் செய்றேன் அத்தை" என்றாள்.

நான் நம்பவில்லை. ஒல்லியான பெண், கல்யாணத்திலிருந்தே கொறித்துச் சாப்பிடுகிறவள் என்று எனக்கு ஒரு எண்ணம். அன்று ராத்திரியே சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றேன். அந்த அம்மா "சரிங்க" என்றதோடு சரி. ஒரு பெண்ணைப் பெற்றவளிடம் அந்த வார்த்தை எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை மருமகள் பிறகு சொன்னாள். காலையில் ராகிக் கூழ், இரண்டு நாட்டுக்கோழி முட்டை. பதினொரு மணிக்கு சத்துமாவு உருண்டை. சாயங்காலம் ஆட்டுக்கால் சூப். வாந்தி வந்தாலும் விடவில்லை. இரண்டு வாரத்தில் அவள் எடை இரண்டரைக் கிலோ கூடியது. குழந்தை கூடியது 90 கிராம். அந்த மாதத்தில் ஒரு குழந்தை வாரத்துக்கே 200 கிராம் அளவுக்குக் கூட வேண்டும். அவளுக்குக் கூடின எடையிலும் பாதி காலில் கோத்த நீர். பிரஷர் 146/94.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் கூட்டிவந்து எங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம்.

என் அப்பா எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கடைமடையில் பயிர் காய்ந்தால் ஊரில் நாலு பேர் "கண்மாயில தண்ணி இல்ல" என்பார்கள். அப்பா கண்மாயைப் பார்க்க மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மடைக்குத்தான் போவார். கண்மாய் தளும்பிக்கொண்டிருக்கும்போதே கடைமடை காய்வதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்தவள் நான். அப்படிப்பட்டவள், என் மருமகளுக்குத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மடை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். கர்ப்பப்பையின் சுவரில், தாயிடமிருந்து சத்தை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் நஞ்சுக்கொடி வந்து ஒட்டும் இடத்தில், சுருள் சுருளாக நூறு சொச்சம் சின்ன ரத்தக்குழாய்கள் உண்டு. சாதாரண நாளில் அவை தசைச்சுவர் இறுகின, ஒடுங்கின குழாய்கள். கரு ஒட்டின பிறகு, நஞ்சுக்கொடியாகப் போகிற பக்கத்திலிருந்து சில செல்கள் கிளம்பி அம்மாவின் சுவருக்குள் நுழைகின்றன. அந்தக் குழாய்களின் தசையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தாங்களே உட்கார்ந்து, குழாயின் வாயைப் புனல் மாதிரி அகலமாக்கிவிடுகின்றன. நான் ஓய்வு பெறும்வரை இது எனக்கு ஒழுங்காகத் தெரியாது. பாடத்தில் இரண்டு வரி இருந்திருக்கும், பரீட்சையோடு போயிருக்கும். இந்த வேலை முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கி, 20ஆவது வாரத்தை ஒட்டிப் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதாவது, வயிறு வெளியே தெரிந்து, அக்கம்பக்கத்தார் இதைச் சாப்பிடு அதைச் சாப்பிடு என்று சொல்ல ஆரம்பிக்கும் நேரத்தில், மடை வெட்டும் வேலை ஏறக்குறைய முடிந்துபோயிருக்கிறது.

குழாய் அகலமாக இருந்தால் ரத்தம் சீறாமல் மெதுவாக, நிறைய வரும். பத்தாம் மாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. ஒரு பால் பாக்கெட்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் உடைத்து ஊற்றுகிற மாதிரி. அது வந்து குளம் போல நிற்கிறது. அந்தக் குளத்துக்குள் குழந்தையின் பக்கத்து ரத்தக்குழாய்கள் மரம் மாதிரி கிளைவிட்டு, கிளையிலிருந்து கிளை பிரிந்து, நுனியில் தளிராக நிற்கின்றன. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவில் மெல்லிசான சுவர். அதன் வழியாகவே பிராணவாயுவும் சத்தும் கைமாறுகின்றன. அந்தத் தளிர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் 11, 12 சதுர மீட்டர் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரை அளவு. ஒரு ஊத்தப்பம் அளவு சதைக்குள் ஒரு அறை மடிந்து கிடக்கிறது.

மடை சரியாக வெட்டப்படாமல் ஒடுங்கியே இருந்தால் இரண்டு கெடுதல். வரத்துக் குறைவது ஒன்று. வருகிற கொஞ்சமும் பீய்ச்சி அடித்துக்கொண்டு வருவது இன்னொன்று. குறுகின மடையில் தண்ணீர் சீறினால் கரை அரிக்குமே, அதே கதை. தளிர்கள் அடிபடுகின்றன. சில இடத்தில் ரத்தமே போகாமல் நஞ்சுக்கொடி வெளுத்து இறுகிவிடுகிறது. நாள் ரொம்ப முன்னாலேயே வளர்ச்சி நின்றுபோகிற குழந்தைகளுக்கு, அந்தப் பக்கத்து மரமே கிளை குறைந்து, நெட்டையாக, தளிர் இல்லாமல் இருப்பதும் உண்டு.

இது ஏன் சிலருக்கு நடக்கிறது? முன்பே ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். என் மருமகளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. வார்டில் நான் பார்த்த பல பேருக்கும் கிடையாது.

சின்னக் குழந்தை எல்லாமே இந்த வகை என்று நான் சொல்லவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் குட்டையாக, ஒல்லியாக இருந்தால் பிள்ளையும் சின்னதாக, ஆனால் ஆரோக்கியமாக இருக்கும். சாப்பாடே கிடைக்காமல் கூலிக்குப் போய் வந்து பிரசவித்த பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சத்துமாவும் முட்டையும் மருந்தேதான். ரத்தசோகையோடு இருப்பவள் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் குழந்தையின் எடையைக் குறைக்கும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். விறகடுப்புப் புகை குழந்தையின் எடையைக் குறைக்கிறது என்று நினைத்து, கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாகச் சுமார் 3,200 பெண்கள். முடிவு 2022இல் வந்தது. வீட்டில் புகை குறைந்தது. பிறந்த எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது 9 முதல் 20 வாரத்துக்குள். அதற்குள் மடை வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது கிழவியின் ஊகம், ஆய்வாளர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

சரி, மருமகளிடம் வருகிறேன். அங்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. குழந்தையின் இதயம் துடிக்கும்போது தமனி வழியாக ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போகும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில்கூட ஓட்டம் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். திரையில் மலைத்தொடர் மாதிரி தெரியும், இரண்டு மலைக்கு நடுவில் பள்ளம் இருந்தாலும் அது தரையைத் தொடாது. அவளுக்குத் தொட்டது. நஞ்சுக்கொடிக்குள் எதிர்ப்பு அவ்வளவு அதிகம், இதயம் தள்ளும் நொடியில் மட்டும் ரத்தம் போகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. இதற்கு அடுத்த படி, ரத்தம் பின்னுக்கே திரும்புவது. ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்னப் பெண், என் மகளாக இருக்கும் வயது. இன்னொரு படத்தைக் காட்டினார். குழந்தை தன் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்துவைத்திருந்தது. வருகிற கொஞ்ச ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டு, வயிற்றையும் கைகாலையும் பட்டினி போட்டிருந்தது. அதனால்தான் தலை அளவு வாரத்துக்குச் சரியாக, வயிற்றின் அளவு மூன்று வாரம் பின்தங்கி. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்ததால் பனிக்குட நீரும் குறைச்சல். 33 வாரம் ஆகாத ஒன்று, கிடைப்பதைப் பங்கு வைக்கத் தெரிந்துவைத்திருந்தது. நான் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு மருந்து என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் என் தம்பி மகன், ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை இருக்கிறதாமே என்று கேட்டான். வயாகரா என்ற பெயரில் விற்கும் அந்த சில்டெனாஃபில்தான். நல்ல வேளையாக டாக்டரிடமே கேட்டான். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையை 2018இல் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 11 குழந்தைகள் பிறந்த பிறகு நுரையீரல் கோளாறில் இறந்துவிட்டன. ஒடுங்கின மடையைப் பிற்பாடு வந்து அகலமாக்கும் மருந்து இன்றைக்குக் கையில் இல்லை. நாள் பார்ப்பது ஒன்றுதான் வைத்தியம். உள்ளே இருந்தால் ஆபத்து, வெளியே வந்தால் குறைமாதம், எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. நுரையீரல் முதிர்வதற்காக டெக்சாமெத்தசோன் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டார்கள். தினம் குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 33 வாரமும் ஒரு நாளும் ஆனபோது அந்தக் கோடு சரியில்லை. சிசேரியன். ஆண் குழந்தை, 1,190 கிராம்.

குழந்தையை நர்சரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். மகன் பின்னாலேயே ஓடினான். நான் தியேட்டர் வாசலில் நின்று, அங்கே வேலையில் இருந்த செவிலிப் பெண்ணிடம், "நஞ்சை ஒரு தடவை எனக்குக் காட்டும்மா" என்று கேட்டேன். ஒருமாதிரிப் பார்த்தாள். நானும் இந்த வேலை பார்த்தவள் என்று சொன்ன பிறகு தட்டோடு கொண்டுவந்தாள்.

19 வருஷத்தில் ஆயிரக்கணக்கில் நஞ்சுக்கொடி பார்த்திருக்கிறேன். ஆனால் எதற்காகப் பார்ப்போம்? முழுசாக வந்துவிட்டதா, துண்டு எதுவும் உள்ளே தங்கிவிட்டதா, தங்கினால் ரத்தம் கொட்டுமே என்ற ஒரு பயத்துக்காக. "நஞ்சு விழுந்தாச்சா, முழுசா இருக்கா?" அவ்வளவுதான். முழுசாக இருந்தால் மஞ்சள் பையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் குழந்தையின் கதையாகப் பார்த்தேன். நிறைமாத நஞ்சு அரைக் கிலோ இருக்கும், உள்ளங்கையை விரித்தாலும் கொள்ளாது, ஈரல் நிறம். இது ஒரு கையில் அடங்கியது. ஓரங்களில் வெளுத்த திட்டுகள். விரலால் அழுத்தினேன். இளந்தேங்காய்ப் பருப்பு மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தப் பெண்ணைக் கெஞ்சிக் குழந்தை எடை போடும் தராசிலேயே வைக்கச் சொன்னேன். 230 கிராம்.

கிராமத்தில் மாடு கன்று போட்டால் அதன் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள், பால் நன்றாகச் சுரக்கும் என்று. மாட்டின் நஞ்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. மனுஷியுடையதை வாசலுக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்த காலமும் போய், இப்போது மஞ்சள் பை. தொற்றுப் பயம் இருக்கிறது, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் பையில் போடும் முன் தராசில் வைக்க அரை நிமிஷம் ஆகுமா? குழந்தை சின்னதாக இருந்தால், பிரஷர் இருந்தால், உள்ளேயே இறந்துபோயிருந்தால், அந்த நஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன? மருமகளுடையதை அனுப்பினார்கள். ரத்தம் போகாமல் செத்த திட்டுகள், குறுகின குழாய்கள் என்று இரண்டு வாரத்தில் எழுதி வந்தது. அந்தக் காகிதத்தை நான் சம்பந்தியம்மா கையில் கொடுத்துப் படித்துச் சொன்னேன். அவர் அழுதார். நானும்தான்.

பிரஷர் ஏன் ஏறியது என்பதற்கும் அதே நஞ்சுதான் காரணம். இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன டாக்டர் ஆனந்த் கருமஞ்சி. ரத்தக்குழாய்கள் வளர்வதற்குச் சில புரதங்கள் வேண்டும். பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி, அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும் வேறொரு புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் அளவுக்கு மீறி விடுகிறது என்று 2003இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் எழுதினார்கள். அம்மாவின் ரத்தக்குழாய்கள் கெடுவதும், பிரஷர் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும் அதனால். அந்தப் புரதங்களின் விகிதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. இங்கே படித்த ஒருவர் காட்டிய வழி, இங்கே ஒரு தாலுகா மருத்துவமனைக்கு எப்போது வருமோ.

அது வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, ஆஸ்பிரின். பிரஷர் வரும் வாய்ப்பு அதிகம் என்று 11 முதல் 14 வாரத்துக்குள் கண்டுபிடித்த பெண்களுக்கு, தினம் ராத்திரி 150 மில்லிகிராம் கொடுத்து ஐரோப்பாவில் பெரிய பரிசோதனை நடந்தது. 2017இல் முடிவு வந்தது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும்படி வருகிற கடுமையான பிரஷர் நோய் 62 சதவீதம் குறைந்தது. 16 வாரத்துக்கு முன்பு தொடங்கினால்தான் பலன் அதிகம். காரணம் உங்களுக்கே தெரியும், மடை. கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை இது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் பிள்ளை இப்படிச் சின்னதாகப் பிறந்த பெண், அடுத்த முறை இரண்டாம் மாதமே போய், முதல் பிரசவத்தில் என்ன ஆனது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டுமே!

எழுதிவைப்பதைப் பற்றி ஒன்று. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற பகுதியில் 1911இலிருந்து எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலியின் மேற்பார்வையில், பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் எடையும் ஒரு வயதில் அதன் எடையும் பேரேட்டில் எழுதப்பட்டன. டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் பிற்பாடு அந்தப் பேரேடுகளைப் பிரித்தார். 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களைத் தேடிப் பார்த்ததில், பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள்தான் பிற்காலத்தில் மாரடைப்பில் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான், வயிற்றில் இருக்கும்போது பட்ட குறை அறுபது வயதிலும் கேட்கும் என்று உலகம் நம்பத் தொடங்கியது. ப்ரெஸ்டன் என்ற ஊரின் பழைய பிரசவப் பதிவேடுகளில் நஞ்சுக்கொடியின் எடையையும் எழுதிவைத்திருந்தார்கள், 1930களிலேயே. அவர் அதையும் பயன்படுத்தினார். அந்தச் செவிலிகளுக்கு இது எதற்கு உதவும் என்று தெரிந்திருக்காது. எடை போட்டார்கள், எழுதினார்கள். நாங்கள் எழுதின ரிஜிஸ்டர்கள் எந்த அறையில் கரையான் அரிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது டேப். 24 வாரத்துக்குப் பிறகு, மேல்வயிற்றில் கர்ப்பப்பையின் உச்சியிலிருந்து கீழே முன்பக்க இடுப்பெலும்பு வரை டேப்பால் அளந்தால், எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர் வரும். இரண்டு, மூன்று குறைந்தாலோ, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வளராமல் நின்றாலோ, ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். டேப் தவறே செய்யாது என்று சொல்லவில்லை. பருமனான பெண்ணுக்கும் இரட்டைப் பிள்ளைக்கும் ஏமாற்றும். ஆனாலும் 20 ரூபாய்ச் சாமான். கிராம சுகாதார செவிலியர்களில் பலர் இதைச் சரியாகச் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். பளபளப்பான இடங்களில்தான் இது விட்டுப்போகிறது, ஸ்கேன் இருக்கிறதே என்ற தைரியத்தில். 20ஆவது வாரம் உறுப்புகளைப் பார்க்க ஒரு ஸ்கேன், அப்புறம் கடைசி மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நடுவில் இருக்கும் மூன்று மாதத்துக்கு யார் கணக்கு? என் மருமகளின் வயிற்றை 26ஆவது வாரத்திலேயே யாராவது அளந்திருந்தால் நான் அந்த இரண்டு வாரம் அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டேன். நானே அளந்திருக்கலாம் என்பதும் உண்மை. வளைகாப்புக்கு அத்தனை பேருக்குப் பந்தி வைத்தேன், வளையலுக்கு ஊரெல்லாம் அலைந்தேன், அலமாரியில் இருந்த டேப்பை எடுக்கத் தோன்றவில்லை.

பேரன் 31 நாள் நர்சரியில் இருந்தான். குழாய் வழியாகப் பால், அப்புறம் பாலாடையில். மகனும் மருமகளும் மாற்றி மாற்றி நெஞ்சில் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போன பாட்டி ஒருத்தி, மூன்றாம் நாள் தன் மருமகனையும் கூட்டிவந்து உட்காரவைத்தாள். 1,640 கிராமில் வீட்டுக்கு வந்தான். இப்போது நன்றாக ஓடுகிறான். வயதுக்குக் கொஞ்சம் பொடிசுதான். அதற்காக அவனைக் குண்டாக்க வேண்டும் என்று ஊட்டித் திணிக்காமல் இருக்கிறோம். தாய் சேய் அட்டையில் பிறந்த எடைக்குக் கட்டம் இருக்கிறது, நஞ்சுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நானே பேனாவால் "நஞ்சு 230 கிராம்" என்று எழுதிவைத்திருக்கிறேன். மருமகள் அதன் மேல் ஒரு செல்லோடேப்பை ஒட்டிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

அந்த மகளிர் குறிப்பை எழுதியவருக்கு என் கடிதத்தைக் காட்டுங்கள். முருங்கைக்கீரையை எடுத்துவிடச் சொல்லவில்லை. கடைசி வரிக்குப் பதிலாக, போன தடவை உங்கள் வயிற்றை அளந்தபோது எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு ஒரு வரி போடட்டும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இப்போது மாசம். நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டுத் திண்ணையில் படுக்கவைத்து அளந்தேன். 26 வாரம், 25 சென்டிமீட்டர். பிரஷர் 110/70. காலண்டரில் குறித்திருக்கிறேன், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம், மருமகள் ஊரில் எல்லாரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)